ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் நட்ட சுடுகாட்டுமல்லி

அம்மாவின் அஸ்தியை மேட்டூரில் காவிரியில் கரைத்துவிட்டு வந்தபின், அவரை நினைத்துப் போய் உட்கார ஓர் இடமில்லையே என்ற தவிப்பு எனக்கு நெடுநாள் இருந்தது. ஏற்காட்டில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் ஞாயிறுதோறும் சிலர் சேர்ந்து புதர் நீக்கிச் செடி வைக்கிறோம் என்று உடன் பணிபுரிபவர் அழைத்தபோது, சேலத்திலிருந்து நான் மலையேறியது அதனால்தான்.

முதல் வாரங்கள் உண்ணிச்செடியை வெட்டுவதிலேயே கழிந்தன. பாசி படிந்த கல்வெட்டு ஒன்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து இரண்டு எழுத்துகளை நான் மழுங்கடித்துவிட்டேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது. அதன்பின் தண்ணீரும் தேங்காய் நாரும் மட்டுமே பயன்படுத்துகிறோம். சமாதி வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து பிளக்கும் என்பதால், அதை அடியோடு அறுத்து, தளிர்க்கும்போதெல்லாம் மீண்டும் அறுக்கிறோம்.

காப்பித் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பழம் பறித்த ஆயா ஒருவரும் எங்களுடன் வருகிறார். அவருடைய கணவரை அடக்கம் செய்த இடத்தில் கல் ஏதும் இல்லை. அதனாலோ என்னவோ, கல் கண்ட இடத்திலெல்லாம் "என்ன எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லு கண்ணு" என்பார். பல்லாவரத்தில் 1863-ல் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட் ஏற்காட்டில் வாழ்ந்தவர் என்றும், 1912-ல் கல்கத்தாவில் இறந்த அவருடைய அஸ்தியை இங்குள்ள தூய திரித்துவ ஆலயத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள் என்றும் ஒருநாள் சொன்னேன். "சாம்பலானாலும் வீடு வந்து சேர்ந்துட்டாரு" என்றார். அன்று என்னால் மேற்கொண்டு வேலை செய்ய முடியவில்லை.

என்ன நடுவது என்ற பேச்சு வந்தபோது, வேர் ஆழமாக இறங்கக் கூடாது, தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வாரங்களிலும் வாடக் கூடாது, ஆடு மேயக் கூடாது என்று நாங்கள் அடுக்கிக்கொண்டே போனோம். "சுடுகாட்டுமல்லி இருக்கையில வேற எதுக்கு?" என்றார் ஆயா. நித்தியகல்யாணிக்குத்தான் அந்தப் பெயர். வீட்டு வாசலில் அதை வைக்கப் பலர் தயங்குவதும் அந்தப் பெயரால்தான். காம்பைக் கிள்ளினால் பால் கசியும். அந்தக் கசப்புக்கு ஆடு அதைத் தொடுவதில்லை. வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இந்தச் செடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நிணநீர்ப் புற்றுநோய்க்கு அம்மாவுக்கு ஏற்றிய மருந்துகளில் அதுவும் ஒன்று. மருந்துச் சீட்டில் எத்தனையோ முறை படித்த அந்தப் பெயரை, செம்மண் ஒட்டிய விரல்களுக்கிடையே ஒரு கன்றாகப் பிடித்திருந்தபோதுதான் ஆயாவிடம் முதன்முறையாக அம்மாவைப் பற்றிப் பேசினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குழியைச் சற்று அகலமாக்கி, நான் கன்றை வைத்ததும் சொம்புத் தண்ணீரை ஊற்றினார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, அந்தச் செடிகளின் பூவைப் பறித்து, யாரும் வராத கல்லறைகளுக்கெல்லாம் வைத்தோம். முற்றிய காய்களிலிருந்து ஆயா உதிர்த்துத் தந்த கறுப்பு விதைகள் சேலத்தில் எங்கள் வாசலில் முளைத்து, இப்போது இரண்டு செடிகள் பூத்திருக்கின்றன.