திடீரென மிதித்தால் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது: 77 இம்பாலா, குவாட்ராஜெட் கார்பரேட்டர், உதவி தேவை

கூடல்நகர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1977 செவர்லே இம்பாலா, 5.7 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக் கியர். மேலே இருப்பது ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது), நாலு பேரல், அதாவது நாலு காற்று வழி. அப்பா வாங்கிய வண்டி. ரொம்ப வருடம் ஷெட்டில் நின்றுவிட்டு இப்போதுதான் ரோட்டுக்கு வந்திருக்கிறது.

ஐடிலிங் சுத்தமாக இருக்கிறது. காளவாசல் சிக்னலில் நின்று நின்று போனாலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அழகர்கோவில் ரோட்டில் 50, 60இல் போகும்போது முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்டலாம் என்று பெடலை முழுதாக மிதித்தால், ஒரு நொடி ஒன்றுமே இல்லை. எஞ்சின் அணைந்துவிட்டதோ என்று தோன்றும். சில சமயம் கார்பரேட்டர் வழியாக 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் சட்டென்று பிடித்துக்கொண்டு பாய்கிறது. மெதுவாக மிதித்துக்கொண்டே போனால் இந்தத் தொல்லை இல்லை. எதிரே வண்டி வரும்போது அந்த ஒரு நொடி பயமாக இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது எதையும் தாண்ட மனம் வருவதில்லை.

பிளக், வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் புதுசு. ஒரு பட்டறையில் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து ரிப்பேர் கிட் போட்டார்கள். அதற்குப் பிறகும் அப்படியேதான். ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளை) துளைத்துப் பெரிதாக்கினால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

புதூர் லேத்:

செய்யாதீர்கள். துளைத்த ஜெட்டைத் திரும்பச் சின்னதாக்க முடியாது, அந்த கார்பரேட்டருக்கு ஜெட் இங்கே கடையில் கிடைக்கவும் கிடைக்காது. ஐடிலிங்கும் மெதுவான ஓட்டமும் சரியாக இருக்கும்போது ஜெட் மேல் பழி போடுவது நியாயமில்லை.

முதலில் ஆக்சிலேட்டர் பம்பைப் (மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் குட்டி பம்ப்) பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே த்ராட்டிலை அசையுங்கள். முன் பேரல் இரண்டிலும் பெட்ரோல் உடனே, தடியாகப் பீய்ச்ச வேண்டும். அசைத்து அரை நொடி கழித்து வந்தாலோ, ஒழுகுவது போல வந்தாலோ பம்புக்குள் இருக்கும் ரப்பர் கப் போய்விட்டது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறிக் கெட்டுவிடும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் வாயில் முகத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். 'டப்' என்று சொல்கிறீர்கள். அது நெருப்போடுதான் வரும்.

கூடல்நகர்வாசி:

பார்த்தேன் அண்ணே. தொட்டவுடனே பீய்ச்சுகிறது, இரண்டு பக்கமும் சமமாக.

மேலூர் பழைய இரும்பு:

தம்பி, பம்ப் நன்றாக இருந்தால் பின் பக்கத்துக்கு வாருங்கள். உங்கள் வண்டி சொல்லும் அடையாளமெல்லாம் பின் பேரல்களின் மேல் தட்டைத்தான் காட்டுகிறது.

குவாட்ராஜெட்டில் முன் பேரல் இரண்டும் சின்னவை, 35 மில்லிமீட்டர். பின் பேரல் இரண்டும் 57 மில்லிமீட்டர். ஊருக்குள் ஓடும்போது முன் இரண்டு மட்டும்தான் வேலை செய்யும். பெடல் பாதிக்கு மேல் போனால் லிங்க் (இணைப்புக் கம்பி) வழியாகப் பின் பேரல்களின் கீழ் பட்டர்ஃபிளை (சுழன்று திறக்கும் தட்டு) திறக்கும். அது உங்கள் கால் சொல்வதைக் கேட்கும். அதற்கு மேலே இன்னொரு ஜோடித் தட்டு இருக்கிறது. அது கால் சொல்வதைக் கேட்காது. எஞ்சின் இழுக்கும் காற்றுதான் ஒரு ஸ்பிரிங்கை எதிர்த்து அதைத் திறக்க வேண்டும். தட்டு திறக்கத் திறக்க ஒரு பிளாஸ்டிக் கேம் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் இரண்டு மீட்டரிங் ராடுகளைத் தூக்கும், பெட்ரோல் கூடும்.

அந்தத் தட்டு சீக்கிரமாகத் திறந்துகொண்டால் அவ்வளவு பெரிய வாயில் காற்று ஒரேயடியாக உள்ளே விழும். பெட்ரோல் கனமானது, பின்தங்கிவிடும். மடையைத் திறந்த உடனே கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லை அல்லவா, அது மாதிரி. அந்த இடைவெளிதான் உங்கள் ஒரு நொடி. புகை கறுப்பாக வராமல், எஞ்சின் சத்தமே செத்து, கார்பரேட்டர் வழியாக 'டப்' என்றால் பெட்ரோல் போதாத திணறல். கறுப்புப் புகையோடு மந்தமாக இழுத்தால் அது வேறு கதை.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி: மேல் தட்டு திறக்காதபடி மெல்லிய கம்பியால் கட்டிவிட்டு அதே ரோட்டில் அதே மாதிரி மிதியுங்கள். கம்பி உள்ளே விழுந்துவிடாமல் நன்றாக முறுக்குங்கள். பலம் குறைவாக இருக்கும், ஆனால் திணறல் இருக்கக் கூடாது. கட்டிய பிறகும் திணறினால் முன் பக்கத்தில் தேட வேண்டும்: ஃப்ளோட் மட்டம், டைமிங், எங்காவது வாக்யூம் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பு) கசிவு.

வண்டியூர்:

கார்பரேட்டர் உள்ள பழைய பல்சர் பைக் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. அதில் இருக்கும் சி.வி. (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி) கார்பரேட்டரிலும் கேபிள் இழுப்பது பட்டர்ஃபிளையை மட்டும்தான். காற்று வழியில் ஏறி இறங்கும் ஸ்லைடைத் தூக்குவது வாக்யூம். எஞ்சின் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் திறக்கும்.

எத்தனால் விஷயத்தில் இன்னொன்று. பெட்ரோல் சரியாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய ஜெட்டில் புதுப் பெட்ரோலை ஊற்றினால் எஞ்சின் கொஞ்சம் காய்ந்துதான், அதாவது பெட்ரோல் போதாமல்தான் ஓடும். இருக்கிற திணறலை அது கூட்டிக் காட்டும்.

கூடல்நகர்வாசி:

கட்டிவிட்டு ஓட்டினேன். திணறல் சுத்தமாக இல்லை! இழுவை குறைவுதான், ஆனால் மிதித்தால் மிதித்த உடனே போகிறது. அப்படியானால் ஸ்பிரிங்கை முடுக்கிவிடலாமா?

மேலூர் பழைய இரும்பு:

பொறுங்கள். ஸ்பிரிங்குக்கு முன்னால் புல்-ஆஃப்பைப் பார்க்க வேண்டும். எல்லோரும் நேராக ஸ்குரூவைத் திருகுவதால்தான் இந்த கார்பரேட்டருக்குக் கெட்ட பெயர்.

சோக் பக்கத்தில் ரப்பர் ஹோஸ் மாட்டிய ஒரு சின்ன வட்ட டப்பா இருக்கும், அதுதான் புல்-ஆஃப். உள்ளே டயாபிரம் (மெல்லிய சவ்வு). அதிலிருந்து ஒரு கம்பி மேல் தட்டின் லீவருக்குப் போகும். எஞ்சின் சாதாரணமாக ஓடும்போது வாக்யூம் அந்த டயாபிரத்தை இழுத்து வைத்திருக்கும், கம்பி தட்டை மூடிப் பிடித்திருக்கும். முழுதாக மிதித்தால் வாக்யூம் விழும். ஆனால் டப்பாவுக்குள் ஒரு நுண்துளை இருப்பதால் கம்பி உடனே விடாமல் மெல்ல விடும். தட்டைத் தாமதப்படுத்துவதே அதன் வேலை. டயாபிரம் கிழிந்திருந்தால் தட்டைப் பிடிக்க ஆளில்லை.

சோதனை சுலபம். எஞ்சினை அணைத்து, ஹோஸைக் கழற்றி, டயாபிரம் தண்டைக் கையால் உள்ளே தள்ளி, குழாய் வாயை விரலால் மூடிவிட்டுத் தண்டை விடுங்கள். அப்படியே நிற்க வேண்டும். விரலை எடுத்தால் ஒன்றிலிருந்து இரண்டு நொடியில் மெதுவாக வெளியே வர வேண்டும். ஹோஸ் போகும் இடத்தையும் பாருங்கள். ஐடிலிங்கிலேயே முழு வாக்யூம் இருக்கும் குழாயில்தான் மாட்டியிருக்க வேண்டும்.

கூடல்நகர்வாசி:

விரலால் மூடியும் நிற்கவில்லை அண்ணே, தண்டு உடனே வெளியே வந்துவிடுகிறது. ஹோஸ் சரியான இடத்தில்தான் இருக்கிறது. தட்டை விரலால் அழுத்தினால் திரும்பி வரும்போதும் சோம்பலாகத்தான் வருகிறது.

மேலூர் பழைய இரும்பு:

அப்படியானால் புல்-ஆஃப், ஸ்பிரிங் இரண்டும்தான். புல்-ஆஃப் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். கார்பரேட்டர் உடம்பில் அடித்திருக்கும் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். அதுவரை பின் லிங்க்கைக் கழற்றிவிட்டு முன் இரண்டு பேரலிலேயே ஓட்டலாம், ஒன்றும் கெடாது. தட்டைக் கட்டிய கம்பியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

புதுசு வந்ததும் வாக்யூமில் இழுத்த நிலையில், தட்டு முழுதாக மூடியிருக்கும்போது, கம்பிக்கும் லீவர் பள்ளத்தின் ஓரத்துக்கும் அரை மில்லிமீட்டர் போல இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் தட்டு முழுதாக மூடாது.

அப்புறம் ஸ்பிரிங். தட்டின் தண்டு முடியும் பக்கத்தில் ஒரு ஸ்குரூ தெரியும். அதைப் பூட்டி வைத்திருக்கும் குட்டி ஆலன் ஸ்குரூ அடியில் இருக்கும், 3/32 அங்குலச் சாவி. ஸ்குரூ டிரைவரால் மேல் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டுதான் ஆலனைத் தளர்த்த வேண்டும். பிடிக்காவிட்டால் ஸ்பிரிங் முழுதும் அவிழ்ந்துவிடும், பழைய அளவு என்ன என்று தெரியாமல் போகும். மெல்ல அவிழ்த்து, தட்டு தொளதொளவென்று ஆனதும், ஸ்பிரிங் 'பின்' என்ற குட்டி ஊசியைத் தொட்டுத் தட்டை மூடத் தொடங்கும் இடம் வரை திருப்புங்கள். அங்கிருந்து கூடுதலாக அரைச் சுற்று. பூட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். திணறினால் அரைக்கால் சுற்று முடுக்குங்கள். முக்கால் சுற்றைத் தாண்டியும் திணறல் இருந்தால் குறை ஸ்பிரிங்கில் இல்லை.

கூடல்நகர்வாசி:

புல்-ஆஃப் வந்து மாட்டியாகிவிட்டது. அரைச் சுற்றில் லேசாக ஒரு தயக்கம் இருந்தது. அதற்கு மேல் அரைக்கால் முடுக்கியதும் போய்விட்டது. மிதித்ததும் முதலில் சாதாரணமாக இழுத்து, பிறகு பின் பேரல் திறக்கும் கர்ஜனை கேட்கிறது. உங்கள் எல்லோருக்கும் நன்றி.

பூட்டும்போது பார்த்தேன், அந்தப் பிளாஸ்டிக் கேமில் முடி போல ஒரு விரிசல். இன்னும் வேலை செய்கிறது. விட்டுவிடலாமா?

மேலூர் பழைய இரும்பு:

விடாதீர்கள். அது உடைந்தால் தட்டு திறக்கும், ராடு ஏறாது. பழைய திணறலைவிட மோசமாக இருக்கும். கேம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. வரும் வரை முழு மிதி வேண்டாம்.

புதூர் லேத்:

கேம் மாற்றத் தட்டின் தண்டை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். தட்டுகளைப் பிடிக்கும் குட்டி ஸ்குரூக்களின் அடி முனை விரித்துவிடப்பட்டிருக்கும், வம்பாகத் திருகினால் தலை போய்விடும். கார்பரேட்டர் மேல்மூடியைக் கழற்றிக் கொண்டுவாருங்கள், முனையைத் தேய்த்துவிட்டு எடுத்துத் தருகிறேன். புது ஸ்குரூ போடும்போது லாக் திரவம் கட்டாயம். கழன்று விழுந்தால் அது நேராக எஞ்சினுக்குள்தான் போகும்.