புதுப்பிப்பு: ஊர் சேர்ந்து நடத்தும் காற்றாலை, என் கருத்தில் ஒரு திருத்தம்

ஊர் மக்கள் கூட்டாகக் காற்றாலை அமைக்க, அரசு மின்சாரத்துக்கு நிலையான கொள்முதல் விலை தந்தாலே போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. திட்டம் நடக்குமா என்று தெரியும் முன்பே செய்யும் செலவின் ஆபத்தையும் யாராவது தாங்க வேண்டும்.

விலை முக்கியம்தான். ஜெர்மனியின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் 20 ஆண்டுகளுக்கு விலையை உறுதி செய்தது. சின்னக் கூட்டுறவுகளுக்கும் கடன் கிடைத்தது. ஏலமுறை, அதாவது குறைந்த விலை கேட்பவருக்கே வாய்ப்பு என்பது, வந்ததும் கதை மாறியது. தோற்றால் முன்செலவு அத்தனையும் போச்சு. பெரிய நிறுவனம் தாங்கும், ஊர்ச் சங்கம் தாங்காது. அதனால் 2017 ஏலங்களில் மக்கள் குழுக்களுக்குச் சலுகை: கட்டுமான அனுமதி வாங்கும் முன்பே ஏலம் கேட்கலாம், கட்டி முடிக்கக் கூடுதல் காலமும் உண்டு. பெரும்பகுதியை அவையே வென்றன. ஆனால் பலவற்றின் பின்னால் தொழில்முறை நிறுவனங்கள்! மக்கள் குழு என்றால் குறைந்தது 10 உறுப்பினர் வேண்டும் என்ற விதியைச் சமாளிப்பது அவர்களுக்குப் பெரிய வேலையா என்ன? அடுத்த ஆண்டே அனுமதிச் சலுகையை நிறுத்தினார்கள்.

ஊர்ச் சங்கங்கள் வாங்கும் கடனுக்கு உத்தரவாதம் தரும் ஏற்பாடு எங்காவது இருந்ததா என்று ஒருவர் கேட்டிருந்தார். டென்மார்க்கின் 2009 சட்டத்தில் அது இருந்தது, உள்ளூர்ச் சங்கங்களின் ஆரம்ப ஆய்வுச் செலவுக்காக. கூடவே, புதிய காற்றாலையில் குறைந்தது 20 சதவீதப் பங்கை அக்கம்பக்கத்தாருக்கு விற்க முன்வர வேண்டும் என்ற விதியும். 2020இல் அந்தப் பங்கு விதியை எடுத்துவிட்டு, அருகில் வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் போனஸ் என்று மாற்றினார்கள். எனக்கென்னவோ பங்குதான் பிடித்திருந்தது.