‘நெகட்டிவ் ஈ.ஆர்.ஜி.’: ‘எதிர்மறை’ என்னும் சொல் பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிபட்டதும் விழித்திரையில் எழும் மின்னழுத்த மாற்றத்தைக் கோடாக வரைந்து காட்டும் கண் சோதனை ஈ.ஆர்.ஜி. (எலெக்ட்ரோரெட்டினோகிராம்). அதில் தோன்றும் பிறழ்ந்த வடிவமொன்றான ‘நெகட்டிவ் ஈ.ஆர்.ஜி.’க்கு நம் மருத்துவக் கலைச்சொல் தொகுப்பில் முன்மொழியப்பட்டுள்ள ‘எதிர்மறை விழித்திரை மின்வரைவு’ என்னும் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ‘விழித்திரை மின்வரைவு’ நல்ல சொல். ‘இதய மின்வரைவு’ பழகியவர்களுக்கு உடனே விளங்கும். இடர் ‘எதிர்மறை’யில்தான்.

ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்த்தொகுதி உள்ளவர்களை நினைத்துப் பாருங்கள். 1983இல் லண்டனில் கிரகாம் ஹியூஸ் விவரித்த இந்நோயில், உடல் தனக்கெதிராகவே உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் குருதியை உறையச் செய்கின்றன. அவற்றைத் தேடும் குருதிச் சோதனையில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் எதிர்ப்பொருள் தென்படவில்லை என்று பொருள். அதே கோப்பில் கண் அறிக்கையும் ‘எதிர்மறை’ என்று சொன்னால், கண்ணில் பழுதில்லை என்றே நோயாளி கொள்வார். உண்மையோ அதற்கு நேர்மாறானது.

இந்நோயில் உண்டாகும் உறைகட்டி விழித்திரையின் மையத் தமனியை அடைத்தால் அதன் உள்ளடுக்குகள் குருதியின்றிச் சிதைகின்றன; ஒளியை வாங்கும் செல்களுக்கோ பின்னாலுள்ள கோராய்டு படலத்திலிருந்து ஊட்டம் தொடர்ந்து கிடைக்கிறது. ஆகவே, நோயாளியை 20 நிமிடம் இருட்டில் இருத்தியபின் வலுவான ஒளியைப் பளிச்சிடச் செய்தால், அச்செல்களிலிருந்து பிறக்கும் ‘ஏ’ அலை வழக்கம்போல் கீழிறங்க, உள்ளடுக்கிலுள்ள இருமுனைச் செல்களின் வழியே மேலெழ வேண்டிய ‘பி’ அலை அடிக்கோட்டை (ஒளிபடுமுன் வரைகோடு இருந்த மட்டத்தை) எட்டாமலே தேங்கிவிடுகிறது. வரைகோடு அடிக்கோட்டுக்குக் கீழேயே கிடப்பதால்தான் அதற்கு ‘நெகட்டிவ்’ என்று பெயர். அது மின்னழுத்தத்தின் குறியைச் சுட்டுகிறதேயன்றிச் சோதனையின் முடிவை அன்று.

‘ஏ’ அலையை ‘இறங்கலை’ என்றும், ‘பி’ அலையை ‘ஏறலை’ என்றும் வைத்துக்கொண்டு, இதனை ‘ஏறலை குன்றிய மின்வரைவு’ எனலாம் என்பது என் பரிந்துரை. சொல் சற்று நீளம்தான். ஆனால் எந்த அடுக்கு பழுதுற்றது என்பதை அது மருத்துவருக்கே நினைவூட்டும். ‘தமனியடைப்பு வரைவு’ என நோயின் பெயரால் அழைப்பதும் சரிவராது: குருதியோட்டம் கடுமையாகக் குன்றிய சிரையடைப்பிலும், பிறவியிலேயே வரும் ஒருவகை மாலைக்கண்ணிலும் இவ்வடிவம் தோன்றலாம்.

தொகுப்பில் ‘எதிர்மறை’யைத் துணைச்சொல்லாகக்கூடச் சேர்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.