யாஷிகாவுக்குள் இருக்கும் ரோல்

குழு: தங்கச்சிமடம் வீடு

ஜெசிந்தா (காலை 7:12): அம்மா ஆண்டு நினைவுப் பூசை மே 17 ஞாயிறு, காலை 6 மணி. சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம், அண்ணனும் கரையில்தான் இருக்கும். யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். கார்டு அடிக்க அம்மா போட்டோ ஒன்று வேண்டும்.

ரீட்டா: ஆதார் போட்டோ வேண்டாம்க்கா. கும்பிட்டுக் கேட்கிறேன்.

நிர்மலா: ஆஸ்பத்திரியில் எடுத்ததும் வேண்டாம் அத்தை. அப்பத்தா அதில் அப்பத்தா மாதிரியே இல்லை.

ஜெசிந்தா: அதற்காகத்தான் நேற்று பீரோவைத் திறந்தேன்.

ஜெசிந்தா: [படம்]

ஜெசிந்தா: பிஸ்கட் டப்பா நிறைய நெகட்டிவ். சேலைக்கு அடியில் அப்பாவுடைய யாஷிகா கேமரா.

ஜெனி: அதற்குள்ளே பிலிம் இருக்கு சின்ன மாமா!! பின்பக்கம் திறந்து பார்த்தேன்

அந்தோணி: மூடு

அந்தோணி: ஜெனி மூடு

ஜெனி: உடனே மூடிட்டேன் மாமா. ஒரு செகண்ட்தான்.

சூசை: என்ன ஆச்சு

அந்தோணி: இனி யாரும் அதைத் தொட வேண்டாம். ஜெனி, மேலே சின்னக் கண்ணாடிக்குள் ஒரு எண் இருக்கும். என்ன காட்டுகிறது?

ஜெனி: இப்போது எஸ். திறப்பதற்கு முன்னால் 22 இருந்தது.

அந்தோணி: நல்ல வேளை பார்த்தாய். பின்கதவைத் திறந்ததும் எண் முதலுக்குப் போய்விடும். 22 என்றால் 22 படம் எடுத்திருக்கிறது, மிச்சம் எடுக்கவில்லை. பயப்படாதே, அழாதே. படம் எடுக்க எடுக்க பிலிம் வலது பக்க உருளையில் சுற்றிக்கொண்டே போகும். முதலில் எடுத்தது அடியில், கடைசியில் எடுத்தது மேலே. வெளிச்சம் பட்டிருந்தால் மேல் சுற்றில்தான் நன்றாக விழுந்திருக்கும். கடைசி நாலைந்து படம் வெந்துபோயிருக்கலாம். அடிச் சுற்றை மேல் சுற்றே மறைத்துக் காப்பாற்றியிருக்கும்.

சூசை: முதல் படம்?

அந்தோணி: அது எல்லாவற்றுக்கும் அடியில். தப்பியிருக்க வேண்டும்.

ரீட்டா: எந்த வருடம் எடுத்தது அது?

ஜெசிந்தா: அப்பா போவதற்கு முந்தின வருடம். 2000. ஓரியூர் போனோமே, அருளானந்தர் கோவிலுக்கு. அதற்கப்புறம் அந்த கேமராவை அம்மா யாரையும் தொட விடவில்லை.

நிர்மலா: 25 வருடத்துக்கு மேல் ஆகிறது. கழுவ முடியுமா சித்தப்பா?

ரீட்டா: என் டிக்கெட் வெயிட்டிங் 41. புதுப் பாலம் வந்து ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரை போகிறது, அதனால் எல்லாருக்கும் அதே ரயில்தான் வேண்டியிருக்கிறது. மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்த காலத்தில் எனக்கு லேசாகக் கிடைத்தது.

ஜெசிந்தா: பஸ்ஸில் வா.

அருள்: சின்ன மாமா, நான் இங்கே சென்னையில் பிலிமில்தான் படம் எடுக்கிறேன். என் லேபில் கேட்கட்டுமா? போன மாதம் எனக்கு ஆனது: கலர் ரோல் 1,100, கழுவ 400, ஸ்கேன் 400. மொத்தம் 1,900. 36 படம்.

நிர்மலா: ஒரு படத்துக்கு 53 ரூபாயா!

ரீட்டா: வாடகை கொடுக்க என்னிடம் கேட்கிறவன் இவன்.

அருள்: அம்மா இங்கே வேண்டாம்.

அந்தோணி: ரீட்டா, பையனைத் திட்டாதே. இந்தக் கணக்கு நம் வீட்டில் எப்போதும் இருந்ததுதான். அப்பாவின் ஸ்டுடியோவில் கடைசி வருடங்களில் கலர் ரோல் 90, கழுவ 20, போஸ்ட்கார்டு பிரிண்ட் ஒன்று 4 ரூபாய். 36-ம் போட்டால் 144. கூட்டினால் 254. படத்துக்கு ஏழு ரூபாய். அந்த ஏழு ரூபாய்க்கே அப்பா ஒரு கல்யாணத்தில் ஒரு படம் வீணானால் அன்று ராத்திரி சாப்பிட மாட்டார். அருள் ஒரு படத்துக்கு 53 கொடுக்கிறான் என்றால் ஒவ்வொரு தடவை அமுக்குவதற்கு முன்னும் யோசிக்கிறான் என்று அர்த்தம்.

அந்தோணி: இன்னொன்று. கறுப்பு வெள்ளையை நாமே வீட்டில் கழுவினோம். கலரை மதுரைக்கு அனுப்பினோம், ஏனென்றால் கலர் மருந்து 38 டிகிரியில் இருக்க வேண்டும், மூன்றே கால் நிமிடம், அரை டிகிரி தவறினாலும் நிறம் மாறும். அதற்கு மெஷின் வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு நேர் எதிர். 20 டிகிரி. நம் கடற்கரையில் சித்திரை மாதம் 20 டிகிரிக்கு எங்கே போவது? குழாயில் வருவதே வெந்நீர் மாதிரி இருக்கும். சூட்டில் பிலிம் மேலே பூசியிருக்கிற ஜெலட்டின் இளகி நெகட்டிவே சுருங்கிவிடும். அண்ணன் மீன் பெட்டிக்கு வாங்குகிற ஐஸ் பாரில் ஒரு துண்டு உடைத்துக் கொண்டு வரும். ஐஸை மருந்துக்குள் போடக் கூடாது, தட்டைச் சுற்றிப் போட வேண்டும்.

சூசை: துண்டு இல்லை. அரை பார்.

அந்தோணி: ஆமாம் அண்ணே. அரை பார்.

ஜெனி: பெரிய மாமா டார்க் ரூமுக்கு வந்திருக்கா!!

அந்தோணி: படத்தை நிலைக்க வைக்கும் மருந்துதான் ஹைப்போ. பிலிமில் தங்கும் ஹைப்போவை அலச அப்பா கடல் தண்ணீர்தான் எடுப்பார். எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பிறகுதான் தெரிந்தது, உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட வேகமாக ஹைப்போவை வெளியே இழுக்கும், கப்பல்களில் இப்படித்தான் செய்தார்கள் என்று. ஆனால் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் செய்யாவிட்டால் நெகட்டிவில் உப்பு பூத்துவிடும். அந்த இரண்டு குடம் நல்ல தண்ணீரை அம்மா சுமந்து வந்தாள். ஒரு பிலிம் கழுவ என்ன செலவு என்று யாராவது கேட்டால் மருந்துக் காசை மட்டும் சொல்லக் கூடாது.

ரீட்டா: 🙏

நிர்மலா: அழ வைக்காதீர்கள் சித்தப்பா. மஸ்கட்டில் ஆபீஸில் இருக்கிறேன்.

ஜெசிந்தா: சரி, பூசைக்கு அப்புறம் சாப்பாடு பிரியாணியா, சோறு குழம்பா?

ரீட்டா: சோறு. அம்மாவுக்குப் பிரியாணி பிடிக்காது.

சூசை: பாறை மீன் கிடைத்தால் குழம்பு.

ஜெசிந்தா: தடைக்காலத்தில் எங்கே அண்ணே?

சூசை: நாட்டுப்படகில் வரும். நான் பார்க்கிறேன்.

அருள்: லேபில் கேட்டேன். நெகட்டிவ் ஸ்கேன் சாதாரணமாக ஒன்று 15 ரூபாய், பெரிய அளவில் ஒன்று 100. மொத்தம் எத்தனை இருக்கிறது பெரியம்மா?

ஜெசிந்தா: ஆறு ஆறாக வெட்டிய துண்டு 40. அப்புறம் பெரிய சதுரமாக 12 தனியாக ஒரு கவரில்.

அருள்: 240-ஐயும் சாதாரணமாகப் போட்டாலே 3,600. பெரிதாகப் போட்டால் 24,000.

ரீட்டா: ஐயோ.

அந்தோணி: எல்லாவற்றையும் லேபுக்குக் கொடுக்க வேண்டாம். பாதி ஊர்க்காரர் கல்யாணமாக இருக்கும். ஜெனி, உன் அம்மா போனில் வெள்ளைத் திரை வைத்து வெளிச்சத்தைக் கூட்டு. அதற்கு மேல் ஓர் அங்குலம் உயரத்தில் நெகட்டிவைப் பிடி, திரையின் புள்ளிகள் தெரியாமல் இருக்கும். உன் போனில் நெருக்கிப் படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கு. முகம் தெரிந்தால் போதும், அழகாக வர வேண்டியதில்லை. கலர் நெகட்டிவ் ஆரஞ்சாக இருக்கும், அதனால் தலைகீழாக்கினால் நீலம் அடிக்கும், பரவாயில்லை. அம்மா இருப்பதைப் பொறுக்கி 20 எடுப்போம். அதை மட்டும் பெரிதாகப் போட்டால் 2,000. ஓரத்தை மட்டும் பிடி, விரல் நடுவில் படக் கூடாது.

நிர்மலா: கார்டுக்கு 15 ரூபாய் ஸ்கேன் போதாதா?

அந்தோணி: கார்டுக்குப் போதும். சுவரில் மாட்டும் படத்துக்குப் போதாது. நம் சின்ன நெகட்டிவ் 36-க்கு 24 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 2,400 புள்ளி வைத்து ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 3,400-க்கு 2,270 புள்ளி கிடைக்கும். 12-க்கு 8 அங்குலம் வரை அருமையாக வரும். கோவிலில் வைக்க 18-க்கு 12 போடுவதென்றால் அதைவிடக் கூட வேண்டும். அதனால்தான் 100 ரூபாய். ஆனால் அந்தப் பெரிய சதுரம் 12-ம் அப்பாவின் அக்ஃபா கிளிக் கேமராவில் எடுத்தது. ஒரு ரோலுக்கு 12 படம்தான். நெகட்டிவே இரண்டே கால் அங்குலம். அதைச் சாதாரணமாக ஸ்கேன் செய்தாலே போதுமான அளவு வரும். அன்று 12 படத்துக்கு ஒரு ரோல் போனதே என்று கணக்குப் பார்த்தோம், இன்று நமக்கு மிச்சம் அதில்தான்.

ஜெசிந்தா: அந்தக் கவரில் ஊட்டி இந்து பிலிம் என்று அப்பா எழுதி வைத்திருக்கிறார், ஊட்டி பேக்டரியில் செய்த பிலிம். ஒன்றில் அம்மா பாம்பன் பாலத்தைப் பார்த்து நிற்கிறாள். 20 வயதுகூட இருக்காது.

ரீட்டா: அதையே கார்டில் போடலாமே!

ஜெசிந்தா: பேரன் பேத்தி எடுத்தவளுக்கு அந்தப் படமா? ஊரில் யாருக்கு அடையாளம் தெரியும்?

ரீட்டா: எனக்குத் தெரியும்.

ஜெசிந்தா: இன்னொரு கவரைப் பிரித்தால் காடி வாசனை வருகிறது அந்தோணி. கண் எரிகிறது.

அந்தோணி: அதை உடனே தனியாக எடுத்து வை அக்கா. பிலிமின் அடித்தகடு கெட ஆரம்பித்தால் அந்த வாசனை வரும். டப்பா இறுக்கமாக மூடியிருந்ததால் ஆவி வெளியே போகாமல் மற்றதையும் கெடுக்கும். டப்பாவைத் திறந்தே வை. பூஞ்சை பிடித்த துண்டைத் தண்ணீர் தொட்டுத் துடைக்காதே, ஜெலட்டினோடு படமும் வந்துவிடும். வாசனை வருவதைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். அது காத்திருக்காது.

நிர்மலா: செலவை நான்கு வீடும் பிரித்துக்கொள்ளலாமா?

அந்தோணி: நெகட்டிவைப் பெரிதாக்கி பிரிண்ட் போடும் அப்பாவின் என்லார்ஜர் இருந்திருந்தால் நானே பாதி வேலை செய்திருப்பேன். வல்லத்துக்கு இஞ்சின் வாங்க

அந்தோணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரீட்டா: அண்ணே, இப்போது எதற்கு அது.

ஜெசிந்தா: படித்துவிட்டோம் எல்லாரும்.

(11:05 முதல் 12:40 வரை யாரும் எழுதவில்லை)

அருள்: ரோல் பற்றி லேப் அண்ணன் சொன்னது. இரண்டு வழி. கலராகக் கழுவினால் 400, ஆனால் இவ்வளவு வருடத்தில் நிறம் சாய்ந்து, புகை மூடிய மாதிரி வரலாம். கலர் பிலிமையே கறுப்பு வெள்ளை மருந்தில் கையால் கழுவினால் 800. நிறம் வராது, முகம் வர வாய்ப்பு அதிகம். ஒரு தடவைதான் கழுவ முடியும்.

ரீட்டா: கலர். அந்த ஓரியூர் சேலை மஞ்சள்.

ஜெசிந்தா: முகம் வந்தால் போதும்.

அந்தோணி: நானும் கறுப்பு வெள்ளை என்றுதான் சொல்வேன். மற்ற எதில் குறைத்தாலும் இந்த ஒரு ரோலில் காசைக் குறைக்கக் கூடாது. நெகட்டிவ் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஸ்கேன் செய்யலாம். இதை நம்மில் யாருமே இன்னும் பார்க்கவில்லை. ஜெனி, கேமராவுக்கு அடியில் சின்னப் பொத்தான் இருக்கும், அதை அமுக்கு. இடது பக்கம் மேலே இருக்கும் கைப்பிடியை நிமிர்த்தி அம்பு காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்று. பழைய பிலிம் விறைத்திருக்கும், வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். இறுக்கம் விட்டுப்போகிற வரைக்கும் சுற்று.

ஜெனி: சுத்துறேன் மாமா. கை நடுங்குது.

ஜெனி: லூசாயிடுச்சு!

அந்தோணி: இன்னும் நாலு சுற்று. பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கழற்று. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வை, ஐஸ் பகுதியில் வேண்டாம். வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது, வேர்த்துவிடும்.

அருள்: கொரியரில் விட வேண்டாம். வெயிலில் வண்டியில் கிடக்கும். யாராவது கையில் கொண்டு வந்தால் நல்லது.

சூசை: நான் கொண்டு போகிறேன்.

ரீட்டா: அண்ணே நீங்களா? சென்னைக்கா?

சூசை: தடைக்காலம். சும்மாதானே இருக்கிறேன்.

நிர்மலா: அப்பா, ஆபரேஷனுக்குக் கூப்பிட்டபோதுகூட வர மாட்டேன் என்றீர்களே.

சூசை: அந்த ரோலில் முதல் படம் நான் எடுத்தது. அப்பா கொடுத்தார், ஒரே ஒரு தடவை. அம்மா திண்ணையில் வலை பொத்திக்கொண்டு இருந்தாள். சிரித்தாள்.

ஜெசிந்தா: இத்தனை வருடம் நீ சொல்லவே இல்லையே அண்ணே.

சூசை: கலரோ கறுப்போ, முகம் வருகிற மாதிரி கழுவச் சொல்லுங்கள். 800 நான்.

ரீட்டா: கலர் பற்றி இன்னும் பேச வேண்டும்.

அந்தோணி: அண்ணே, நானும் வருகிறேன். இரண்டு டிக்கெட் பார்க்கட்டுமா?

சூசை: பார். வெயிட்டிங் என்றால் பஸ்.

ஜெனி: பிரிட்ஜில் வெச்சாச்சு. மேலே "திறக்காதே" என்று எழுதி ஒட்டிட்டேன்.

ஜெசிந்தா: கார்டுக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் போட்டோ கேட்கிறார். எந்தப் படம் என்று யாராவது சொல்லுங்கள்.