மறு: 'அறிவொளி' இரண்டுக்கும் பொருந்துமா?

நண்பர்களே,

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனையைக் குறிக்கும் 'என்லைட்டன்மென்ட்' என்ற சொல்லுக்கும், கன்பூசிய மரபில் அதற்கு இணையான சீனச் சொல்லுக்கும் சேர்த்து, தமிழில் 'அறிவொளி' என்றே போட்டுவிடலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு 1990-களின் எழுத்தறிவு இயக்கம்தான் நினைவுக்கு வரும். சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். என் சிக்கல் வேறு: விளக்கை யார் ஏற்றுவது?

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் என்லைட்டன்மென்ட் பற்றி 1784-இல் எழுதிய கட்டுரையில் எடுத்தாள்வது சட்டச் சொற்களை. தானே வரவழைத்துக்கொண்ட மைனர் நிலையிலிருந்து மனிதன் வெளியேறுவதுதான் அவருக்கு அது. கார்டியன் பார்த்துக்கொள்வது சௌகரியமாக இருப்பதால் பலரும் ஆயுள் முழுக்க மைனராகவே இருந்துவிடுகிறார்கள் என்கிறார். ஒளி என்றது பிரெஞ்சுக்காரர்கள். ஜெர்மன் சொல்லில் இருப்பது தெளிவு. மேகம் கலைந்து வானம் தெளிவதற்கும் அதே வினைதான்.

சீனத்தில் வழங்கும் சொல் 'ச்சிமெங்'. ச்சி என்றால் திறத்தல். மெங் என்பது மூடிக்கிடக்கும் பிள்ளையறிவு. ஈ ச்சிங் என்ற பழஞ்சீனக் குறிநூலின் நான்காம் குறிக்கும் 'மெங்' என்றே பெயர். 12-ஆம் நூற்றாண்டிலேயே கன்பூசிய அறிஞர் ஜூ ஷி அந்நூலுக்கு எழுதிய தொடக்கநிலை விளக்கத்துக்கு 'ச்சிமெங்' என்ற சொல்லைத் தலைப்பில் வைத்தார். ஆக, அங்கே திறப்பவர் ஆசிரியர். காண்ட் உதறச் சொன்ன அதே கை! ஆனால் கன்பூசியஸை அப்படி ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. தானாக முட்டி மோதாதவனுக்கு நான் திறப்பதில்லை, ஒரு மூலையைக் காட்டினால் மற்ற மூன்றோடு வராதவனுக்கு மறுபடி சொல்வதில்லை என்கிறார். இங்கும் அதே 'ச்சி'தான்.

இந்த ஒப்பீடு ஐரோப்பாவிலேயே பழையது. 1721-இல் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் தத்துவவாதி கிறிஸ்டியான் வோல்ஃப், வேத வெளிப்பாடு இல்லாமலே சீனர்கள் அறத்தைக் கண்டார்கள் என்று பேசினார். அது கிளப்பிய பகை முற்றி, 1723-இல் பிரஷ்ய மன்னர் 48 மணி நேரத்தில் வெளியேறு, இல்லையேல் தூக்கு என்றார்.

என் முன்மொழிவு: ஐரோப்பியக் கருத்துக்கு 'அறிவுத்தெளிவு'. கலங்கிய நீர் தானே தெளிவது போல, 'தெளி' தன்வினை, காண்டுக்குப் பொருந்தும். ச்சிமெங்குக்குக் 'கண்திறப்பு'. எழுத்தைக் கண் என்ற குறள் நமக்கு இருக்கிறது, 'என் கண்ணைத் திறந்தவர்' என்று ஆசிரியரைச் சொல்கிறோம். சிற்பி சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு குறுக்கே வரும் என்பீர்கள். வரட்டும், அங்கும் திறப்பவர் வேறொருவர்தானே.

அந்த ஐரோப்பியக் காலகட்டத்தைத் 'தெளிவுக் காலம்' என்றால் மட்டும் காய்ச்சல் விட்டது போல ஒலிக்கிறது. அதற்கு வேறு வழி தோன்றினால் சொல்லுங்கள்.