பார்டரில் டிக்கெட்டை உடைத்து (ஒரே டிக்கெட்டாக இல்லாமல் துண்டு துண்டாக எடுத்து) போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

செம்பவாங், சிங்கப்பூர்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு ரயில் டிக்கெட் 5 வெள்ளி. அங்கிருந்து திரும்பி வரவும் 5 வெள்ளிதான். அதே வண்டி, அதே தண்டவாளம், பாலத்து மேல 5 நிமிஷ ஓட்டம். ஆனா போகும்போது கொடுக்கறது சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர். வரும்போது கொடுக்கறது மலேசிய வெள்ளி, அதாவது ரிங்கிட். நான் போன 2024 மார்ச்ல ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூணரை ரிங்கிட் வந்துச்சு. கணக்குப் போட்டா போறதுக்கு 17 ரிங்கிட்டுக்கு மேல, வர்றதுக்கு 5. ரெண்டு பக்கமும் நம்மாளுங்க வெள்ளின்னே சொல்றதால புதுசா வர்றவங்களுக்கு இது உறைக்கவே கொஞ்ச நாள் ஆகும்.

எங்க சைட்ல இருந்த சீனியர் அண்ணன் ஒருத்தர் இதுக்கும் முந்தின கதையைச் சொல்வார். 2011 ஜூன் 30 வரைக்கும் மலேசிய ரயில் சிங்கப்பூருக்குள்ள தஞ்சோங் பகார் வரைக்கும் வந்துச்சு. அந்த ஸ்டேஷன் கவுண்டர்ல கோலாலம்பூருக்கு டிக்கெட் கேட்டா, ரிங்கிட்டுல என்ன எண்ணோ அதே எண்ணை டாலர்ல வாங்குவாங்களாம். அதனால விவரம் தெரிஞ்சவங்க பஸ் பிடிச்சு ஜொகூர் போய், அங்க டிக்கெட் எடுத்து அங்கேயே ஏறுவாங்க. அந்த அண்ணன் மாசாமாசம் அப்படித்தான் போவாராம். "பார்டருக்கு அந்தப் பக்கம் போய் வாங்கு, அவ்வளவுதான் சூட்சுமம்" என்பார். சிங்கப்பூர்லருந்து பேங்காக் வரைக்கும் தரை வழியா போகணும்னு கிளம்பினப்ப இந்த வார்த்தைதான் எனக்குத் துணை.

முழுசுக்கும் ஒரே டிக்கெட்னு ஒண்ணு கிடையவே கிடையாது. துண்டு துண்டாத்தான் எடுக்கணும். ஜொகூர் பாருலருந்து கெமாஸ் வரைக்கும் ஒரு டீசல் வண்டி. அப்போ மின்சார ரயில் அதுக்குத் தெற்கே வரல. கெமாஸ்ல மாறி கோலாலம்பூர். ஊர்ப்பையன் ரூம்ல ஒரு ராத்திரி படுத்துட்டு காலையில தாய்லாந்து எல்லையில இருக்கற பாடாங் பெசாருக்கு வண்டி. அஞ்சரை மணி நேரம், ஏசி குளிர் எலும்பு வரைக்கும் போகும். ஸ்வெட்டர் இல்லாம போகாதீங்க.

பாடாங் பெசார் ஸ்டேஷனைப் பார்க்கவாவது ஒருதடவை போகணும். இருக்கறது மலேசிய மண்ணுல. ஆனா ரெண்டு நாட்டு இமிகிரேஷனும் ஒரே கட்டடத்துல, அடுத்தடுத்து. மலேசிய கவுண்டர்ல வெளியே போற முத்திரை, நாலு எட்டு வச்சா தாய்லாந்து கவுண்டர்ல உள்ளே வர்ற முத்திரை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சுக்கணும். நான் தள்ளல. வண்டி போயிடுச்சுன்னு நினைச்சு பையைத் தூக்கிட்டு ஓடினேன். பிளாட்பாரத்துல ஒருத்தர் காலை நீட்டித் தூங்கிட்டிருந்தார். வண்டிக்கு இன்னும் ஒண்ணே கால் மணி நேரம்.

அங்கிருந்து ஹட் யாய் போக சின்ன ஷட்டில் வண்டி, 50 பாட். கையில ஒரு பாட் கூட இல்லைங்கறது கவுண்டர்ல நிக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. மாடியில சாப்பாட்டுக் கடை. அங்க இருந்த அம்மாகிட்ட ரிங்கிட்டைக் காட்டி, கையால ரயில் ஓடற மாதிரி சைகை பண்ணிக் கேட்டேன். கல்லாவைத் திறந்து கசங்கின 20 பாட் நோட்டு அஞ்சு எடுத்துக் கொடுத்தாங்க. ரேட்டு மோசம்தான். ஆனா அந்த நேரத்துக்கு அவங்கதான் எனக்கு பேங்க். நன்றிக்கு ஒரு சிக்கன் சாதமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஹட் யாய் கவுண்டர்ல பேங்காக் ராத்திரி வண்டிக்குக் கேட்டா கீழ் பெர்த் இல்ல, மேல்தான். மேல் பெர்த் விலை குறைச்சல், அகலமும் குறைச்சல், ஜன்னல் கிடையாது. ராத்திரி முழுக்க தலைக்கு மேல எரிஞ்ச விளக்கைப் பார்த்துட்டே படுத்திருந்தேன்.

ஒண்ணு உண்மையைச் சொல்லிடறேன். சில நாள் மலிவு விமானம் இந்த மொத்தக் கூட்டலைவிடக் கம்மியா கிடைக்கும். ரயில்ல போறவன் காசை மட்டும் நினைச்சுப் போறதில்ல. ஆனா போறதுன்னு ஆயிட்டா எங்க உடைச்சு வாங்கினா எவ்வளவு மிச்சம்னு தெரிஞ்சுக்கலாமே. உங்க கதையைச் சொல்லுங்க.

பட்டர்வொர்த்

அண்ணே, எங்க ஊருக்குப் பக்கமாத்தான் போயிருக்கீங்க, இறங்காமலே போயிட்டீங்க! அந்த ஏசி வண்டிய விட்டுட்டு பட்டர்வொர்த்துலருந்து கொமுட்டர் எடுத்திருந்தா பாடாங் பெசாருக்குப் பதினொரு வெள்ளி சொச்சம்தான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்னு நின்னு போகும், ரெண்டு மணி நேரத்துல கொண்டுபோய் விட்டுடும். ஸ்கூல் லீவுல மட்டும் வேணாம். ஹட் யாய்க்குச் சாப்பிடவும் துணி வாங்கவும் கிளம்பற கூட்டத்துல நிக்கக்கூட இடம் இருக்காது.

முன்னெல்லாம் தாய்லாந்து வண்டியே நேரா பட்டர்வொர்த்து வரைக்கும் வரும். எங்க அப்பா பினாங்கு ஃபெரியை விட்டு இறங்கி நடந்து வந்து அதுல ஏறி, மறுநாள் பேங்காக்குல இறங்குவாரு. ரோட்டிச் சுருளும் மீன் சம்பலும் அம்மா கட்டிக் கொடுப்பாங்க. 2016 டிசம்பர்ல அதை பாடாங் பெசாரோடு நிறுத்திட்டாங்க. அதனால டிக்கெட்டை உடைக்கலாமா வேணாமான்னு நாம யோசிக்கறதுக்கே வேலையில்ல, அவங்களே உடைச்சிட்டாங்க. அப்பாவுக்கு இன்னைக்கும் அதுல கோபம். தாத்தா இந்தப் பாதையில தண்டவாளக் கட்டை மாத்தற கேங்குல இருந்தவரு, அதனால லைன் மேல அப்பாவுக்கு ஒரு சொந்தம்.

திரும்பி மலேசியாவுக்குள்ள வர்றவங்க டிஜிட்டல் வருகை அட்டையை முன்னாடியே போன்ல நிரப்பிடுங்க. கவுண்டர்ல நின்னுக்கிட்டு சிக்னல் தேடாதீங்க.

ஸ்டுட்கார்ட், ஜேர்மனி

நல்ல இழை. எங்கட கதை கொஞ்சம் அழுகிற கதை.

2024 இல வியன்னாவில மச்சாளின்ர கலியாணம். நாங்கள் நாலு பேர். நேரடி ரிக்கற் பாத்தால் விலை தலை சுத்திச்சுது. என்ர மனிசி சொன்னா, எல்லாரிட்டையும் ஜேர்மனி ரிக்கற் இருக்குத்தானே, மாதம் 49 யூரோ குடுத்து ஏற்கெனவே எடுத்தது, அதை ஏன் சும்மா விடுவான் எண்டு. அந்த ரிக்கற்றிலை வேக ரெயின் ஏறேலாது, ஊர்மனை ரெயின்தான். ஆனால் அது எல்லை தாண்டி சால்ஸ்பூர்க் ஸ்டேசன் வரைக்கும் செல்லும். ஸ்டுட்கார்டிலை இருந்து ஊல்ம், மியூனிக், பிறகு சால்ஸ்பூர்க். அதுவரைக்கும் புதுச்செலவு ஒரு சதமும் இல்லை. அங்கையிருந்து வியன்னாவுக்கு மாத்திரம் முன்கூட்டியே மலிவு ரிக்கற், குறிச்ச ரெயினுக்கு மட்டும் செல்லுபடியாகிறது.

விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டம். மடியிலை பயித்தம் பணியார ரின் ஒண்டு, கல்யாண வீட்டுக்கு. மியூனிக்குக்கு முதலே ரெயின் ஒரு வெளிக்கு நடுவிலை நிண்டுட்டுது. என்ன காரணம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. 50 நிமிசம். சின்னவன் ரின்னைத் திறந்து ரெண்டு, பிறகு நாலு. சால்ஸ்பூர்க்கிலை இறங்க எங்கட வியன்னா ரெயின் போய் அரை மணித்தியாலம்.

முழுப் பயணமும் ஒரே ரிக்கற்றாய் இருந்திருந்தால் பிந்தினதுக்கு அடுத்த ரெயினிலை ஏறலாம், அது எங்கட உரிமை. நாங்கள் ரெண்டாய் உடைச்சு எடுத்தபடியால் முதல் துண்டு பிந்தினதுக்கும் ரெண்டாவது துண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கவுண்டரிலை இருந்த பிள்ளை நல்ல மாதிரித்தான் கதைச்சுது, ஆனால் புது ரிக்கற் எடுக்கத்தான் வேணும் எண்டுட்டுது. அண்டைக்கு எடுக்கிற முழு விலை, நாலு பேருக்கு. மிச்சம் பிடிச்சது முழுக்கப் போய், மேலாலையும் போச்சுது. தாலி கட்டினதுக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தம். மச்சாள் இப்பவும் போட்டோவைக் காட்டி நக்கலடிப்பா.

இப்பவும் உடைச்சுத்தான் எடுக்கிறன். ஆனால் நடுவிலை ரெண்டு மணித்தியாலம் விட்டுத்தான். திரும்பி வாறவைக்கு ஒரு சொல்: சால்ஸ்பூர்க் தாண்டினதும் பிறைலாசிங்கிலை ஜேர்மன் பொலிஸ் ரெயினுக்குள்ள ஏறும். எங்கட முகத்துக்கு நேரை வருவினம். பாஸ்போட்டை மேல் பொக்கற்றிலை வையுங்கோ.

கோயம்புத்தூர்

அண்ணா, 49 பாட் கதை என்கிட்ட இருக்கு. 2023, பேங்காக்லிருந்து கம்போடிய பார்டருக்கு. அந்த வருஷம் ஜனவரில தொலைதூர வண்டி நிறைய புது ஸ்டேஷனுக்கு மாறிடுச்சுங்க. ஆனா கிழக்குப் பாதை வண்டி மட்டும் பழைய ஹுவா லாம்போங்லதான். நான் தெரியாம புது ஸ்டேஷனுக்குப் போய் நின்னு ஒரு நாள் போச்சு.

மறுநாள் விடிகாலை ஆறு மணிக்கு முன்ன கிளம்புற வண்டி. மூணாங் கிளாஸ், ஏசி இல்ல, ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கும், ரயில் முழுக்க சுட்ட கோழி வாசம். ஒரு பாட்டி மூங்கில் கூடையில ஒட்டுச் சாதம் வச்சு ஒவ்வொரு பெட்டியா வந்தாங்க. நம்ம ஊர் பாசஞ்சர்ல போற மாதிரியே இருந்துச்சுங்க, பாஷைதான் புரியல. அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓடி எல்லைக்குக் கிட்ட இருக்கற அரண்யபிரதேத்துல இறங்கினேன். மொத்தச் செலவு 49 பாட்னு நினைச்சு ஒரே கெத்து.

டுக்டுக்காரர் சிரிச்ச முகமா "பார்டர், பார்டர்"னு ஏத்திட்டுப் போனார். கொடியெல்லாம் நட்டு வச்ச ஒரு ஆபீஸ் முன்னாடி நிறுத்தினார். உள்ளே டை கட்டின ஆள், ஃபாரம், முத்திரை எல்லாம் இருந்துச்சு. விசாவுக்கு 1,900 பாட் கேட்டார். கொடுத்துட்டேன். பிறகு நிஜமான எல்லைக்குப் போனா, கம்போடியா பக்கம் கவுண்டருக்கு மேல போர்டுல 30 டாலர்னு எழுதியிருக்கு! அன்னைக்கு மாத்தற ரேட்டுல ஆயிரம் பாட் சொச்சம்தான். முதல்ல நின்னது அரசு ஆபீஸே இல்லைங்க, இடைத்தரகர் கடை. ரயில்ல மிச்சம் பிடிச்சதை டுக்டுக்ல கொடுத்துட்டு வந்த கதை இது. அந்த வண்டியிலயே போறவங்க அரண்யபிரதேத்துல இறங்காதீங்க, அடுத்த ஸ்டேஷன் எல்லைக்குப் பக்கத்துலயே இருக்கு. 2025 ஜூன்ல ரெண்டு நாட்டுக்கும் சண்டை வந்து எல்லையை மூடிட்டாங்க, கிளம்பறதுக்கு முன்ன விசாரிச்சுக்கோங்க.

கொல்கத்தா

நான் சுருக்கமா. டாக்காவுக்கு நேரா போற மைத்ரி எக்ஸ்பிரஸ் ரயில் இருந்த காலத்துலயே நான் அதுல போகல. டிக்கெட்டுக்கு பாஸ்போர்ட்டோட நேர்ல போய் வரிசையில நிக்க வேண்டியிருந்துச்சு. சியால்டாலிருந்து பன்காவ் லோக்கல் 20 ரூபாய், அங்கிருந்து ஆட்டோவில் பெட்ராபோல், நடந்து எல்லை தாண்டினா பெனாபோல். அங்கிருந்து டாக்காவுக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. எல்லாம் கூட்டினாலும் மைத்ரி டிக்கெட்டுல பாதிகூட ஆகாது. ஆனா திரும்பும்போது வங்கதேசப் பக்கம் பயண வரி 1,000 டாகா (அந்த நாட்டுக் காசு) கட்டணும், அதை யாரும் முன்னாடி சொல்றதில்ல. கடைசி டாகாவரைக்கும் மிட்டாய் வாங்கிச் செலவழிச்சுட்டு வந்து, எல்லையில ஒரு அறிமுகமில்லாத குடும்பத்துகிட்ட கடன் கேட்டவன் நான். மைத்ரி 2024 ஜூலையிலருந்து நின்னே போச்சு.

செம்பவாங், சிங்கப்பூர்

ஸ்டுட்கார்ட் அண்ணன், பணியாரம் எவ்வளவு மிஞ்சிச்சுன்னு சொல்லலையே.

பட்டர்வொர்த் தங்கச்சி, அடுத்த தடவை கண்டிப்பா இறங்குறேன். திரும்பி வந்த கதையை நான் மேல எழுதல, வெக்கமா இருந்துச்சு. இப்ப எல்லாரும் சொன்னதால சொல்றேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஜொகூர் பாரு வந்தேன், அந்த 5 ரிங்கிட் டிக்கெட்டை எடுத்துரலாம்னு. கவுண்டர்ல இருந்த அம்மா ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. கடைசி வண்டி வரைக்கும் எல்லாம் சிவப்பு. அப்புறம் 170 பஸ். பாலத்துல ஒரு மணி நேரம் நகரவே இல்ல, ரெண்டாவது மணி நேரம் ஊர்ந்துச்சு. எதிர்ப்பக்கம் ஷட்டில் வண்டி என்னைத் தாண்டி ரெண்டு தடவை போச்சு.