பொரி உருண்டை நமத்துப் போகிறது, பக்குவம் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் குன்னூரில் இருக்கிறோம். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள்.

அம்மா இருந்தவரை நெல் பொரி உருண்டை அவர் கையால்தான். போன வருஷம் முதல் தடவையாக நானே பிடித்தேன். உமி பொறுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. 4 கப் பொரிக்கு அரை கப் பாகு வெல்லம், பொட்டுக்கடலை, நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல், ஏலக்காய், சுக்குப்பொடி. அகல் ஏற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்து கடித்தபோது அவ்வளவு மொறுமொறுப்பு! காலையில் தூக்கைத் திறந்தால் எல்லாம் நமத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. இங்கே இந்த மாதங்களில் மழையும் மூடுபனியுமாக இருக்கும், துவைத்த துணியே காயாது.

பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்ட வந்ததும் இறக்கிவிட்டேன். அம்மா அந்த உருண்டையைத் தட்டில் போட்டுப் பார்ப்பார்; 'டங்'கென்று சத்தம் கேட்டால்தான் அடுப்பை அணைப்பார். அதுவரை விட்டால் இந்தக் குளிரில் பிடிப்பதற்குள் இறுகிவிடுமோ என்று பயம். பாத்திரத்தை வெந்நீர் மேல் வைத்துக்கொண்டு பிடிக்கலாமா? பொரியை முதலில் வெறும் வாணலியில் சூடாக்க வேண்டுமா? கைக்கு நெய் நல்லதா, அரிசி மாவா?

மகள் விடுதிக்கு எடுத்துப் போகக் கேட்டிருக்கிறாள். ஐந்தாறு நாளாவது மொறுமொறுப்பு நிற்க வேண்டும். மலைப்பக்கம் இருப்பவர்கள் எதில் போட்டு வைக்கிறீர்கள் என்பதையும் அப்படியே சொல்லுங்கள்.